முதுகை விட்டு இறங்கிய பை

மோட்டார் சைக்கிளில் போகிற மனிதனுக்குப் பை எங்கே இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், வீட்டில் இருக்க வேண்டும் என்பேன். பதினெட்டு வருஷமாக ஓட்டுநர் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கிற மாதிரி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. என் பிழைப்பே அந்த இரண்டாவது பிரேக்தான். ரோட்டில் முதுகில் பை, தோளில் பை, ஹேண்டிலில் பை, காலுக்கிடையில் சிலிண்டர் என்று போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ரத்தக் கொதிப்பே வந்துவிட்டது.

எங்கள் மாடிவீட்டுக்காரரின் பை இருக்கிறதே, அது தனி ரகம். அவருக்கு வேலை மீன்தொட்டி கழுவுவது. பல் டாக்டர்களின் காத்திருப்பு அறை, பேங்க், லாட்ஜ் வரவேற்பு, குழந்தைகள் கிளினிக் என்று ஒரு நாளைக்கு ஏழெட்டு இடம். தண்ணீர் உறிஞ்சும் குழாய், பாசி சுரண்டும் பிளேடு, வலைகள், காற்று மோட்டார், மருந்து பாட்டில், பழைய துண்டுகள் எல்லாம் அந்தப் பைக்குள் இருக்கும். ஒன்பது கிலோ. மாடிப்படி ஏறும்போது பாசி வாசனை முன்னால் வரும், மனிதர் பின்னால் வருவார். தெருவில் எல்லாருக்கும் அவர் தொட்டிக்காரர்தான்.

அவர் மனைவி அரசு ஆஸ்பத்திரியில் தடுப்பூசி மருந்து ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறாள். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் குளிர்பெட்டியின் டெம்பரேச்சரைப் பார்த்து எழுத வேண்டும். இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஏறினாலும் தப்பு, இறங்கினாலும் தப்பு. அவள் குணமும் அப்படித்தான், அதிகம் சூடாகவும் மாட்டாள், உறையவும் மாட்டாள். பத்து வருஷமாகக் காலை ஏழரைக்கு அவர் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நடுவில் அந்தப் பை. அவளுடைய கை பிடித்திருந்தது பையின் வாரை.

நாலு மாசத்துக்கு முன்னால், மழைக்காலத்தில், மரக்கடை திருப்பத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தது. இவர் பிரேக் போட்டு, சமாளித்து, மறுபடி கியர் மாற்றிப் போய்விட்டார். அந்தக் குலுக்கலில் பையின் ஒரு பக்க வார் அறுந்து அவள் ரோட்டில் விழுந்தாள். பேங்க் தொட்டியில் ஒரு மீன் முட்டையிட்ட கதையை இவர் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். சிக்னலில் வண்டி நின்ற பிறகுதான், "என்ன, சத்தத்தையே காணோம்?" என்று திரும்பிப் பார்த்தாராம். சீட்டில் யாருமில்லை.

அவளைத் தூக்கி உட்காரவைத்தது ரொட்டி வண்டிக்காரர். தோள்பட்டைக்குப் பக்கத்து எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரத்தில் கூடிவிட்டது.

எலும்பு கூடியது, இவர்கள் கூடவில்லை. ஒரு நாள் என் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொடுத்தபடி அவள் சொன்னாள்:

"விழுந்தது பெரிசில்லக்கா. ரோடுன்னா விழத்தான் செய்வோம். நான் பின்னால இல்லாமலே அவரு பேசிக்கிட்டே போயிட்டாரு பாருங்க. அதுதான் எனக்கு ஆறல."

"மழைச் சத்தம்டி. ஹெல்மெட் வேற."

"பதினாறு வருஷமா பொண்டாட்டி. அம்பத்தாறு கிலோ எடை. குறைஞ்சா வண்டிக்காவது தெரியாதா?"

வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு அவள் அந்த வண்டியில் ஏறவில்லை. ஆறே காலுக்கே கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போனாள். சாயங்காலம் வாடிய கீரை மாதிரி வருவாள். மாடியில் பேச்சு என்றால், கேஸ் தீர்ந்துவிட்டது, மகள் ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணினாள், அவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு முடிவும் எடுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அவளுடைய தங்கை வீடு இருக்கிறது. ஒன்றாம் தேதியிலிருந்து அங்கேயே தங்கி வேலைக்குப் போவது, சனிக்கிழமை சாயங்காலம் இங்கே வருவது.

இதை அவரிடம் அவள் சண்டை போட்டுச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. முட்டை வேகவைத்துக்கொண்டே, பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னாளாம்.

மறுநாள் தொட்டிக்காரர் என் வாசலில் வந்து நின்றார். ஹெல்மெட்டைக் கையில் பிடித்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அக்கா, பெட்ரோல் டேங்க் மேல வைக்கிற பை இருக்காமே. டேங்க் பேக்னு. அதுல எது நல்லதுன்னு பார்த்துச் சொல்றீங்களா?"

"முதுகு வலிக்குதா தம்பி?"

"ம்... ஆமா."

அந்த "ம்"மிலேயே பொய் தெரிந்தது. கடைக்குக் கூடப் போனேன்.

ஹெல்மெட்டும் கையுறையும் மழைக்கோட்டும் தொங்கும் குறுகலான கடை. வெயிலில் ஷட்டர் தகித்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் பேசத் தெரிந்தவர். இருக்கிறதிலேயே பெரிய பையை எடுத்து, ஜிப்பை இழுத்து இன்னும் பெரிசாக்கிக் காட்டினார்.

"சார், அடியில காந்தம். வெச்சா ஒட்டிக்கும், தூக்கினா வந்துடும். மேல போன் வைக்க ஜன்னல், மழைக்கு உறை. ஒரு வீட்டையே உள்ள வைக்கலாம்."

"வீட்டை வைக்க வேணாம். வண்டியில வெச்சுக் காட்டுங்க," என்றேன்.

வாசலில் நின்ற வண்டியில் வைத்தார். ஒட்டிக்கொண்டது. நான் ஹேண்டிலை ஒரு பக்கம் முழுசாகத் திருப்பினேன். சரி. மறுபக்கம் முழுசாகத் திருப்பினேன். பையின் மூலை ஹாரன் பட்டனை அழுத்தி, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அலறியது.

"ஒவ்வொரு திருப்பத்துலயும் தானாவே ஹாரன் அடிக்கும். நல்ல வசதி," என்றேன்.

கடைக்காரர் சிரித்துச் சமாளித்தார். "கொஞ்சம் பின்னால தள்ளி வெச்சா போதும் மேடம்."

தொட்டிக்காரர் இதையெல்லாம் கவனிக்கவேயில்லை. வண்டியில் உட்கார்ந்து, பை வயிற்றில் இடிக்க, தலையைத் திருப்பிப் பின் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை வெச்சா நான் எவ்வளவு பின்னால தள்ளி உட்காரணும்?"

"ஒரு நாலு விரக்கடை சார்."

"அப்போ பின்னால உட்கார்றவங்களுக்கு?"

"பின்னால யாரு சார் வர்றாங்க?"

அவர் பின் சீட்டை விரலால் அளக்க ஆரம்பித்தார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பையை முன்னால் கொண்டுவந்தால் முதுகு காலியாகும். காலியான முதுகுக்குப் பின்னால் அவளை மறுபடி உட்காரவைக்கப் பார்க்கிறார். ஒன்றாம் தேதிக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது.

"இதை அவகிட்ட வாயைத் திறந்து சொன்னா என்ன தம்பி?" என்றேன், கடைக்காரர் உள்ளே போன நேரத்தில்.

"சொன்னா சாக்கு சொல்றேன்னு நெனப்பா அக்கா. முதல்ல பையை மாத்திட்டுச் சொல்றேன்."

சின்னதாக வாங்குங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். ஒன்பது கிலோவும் உள்ளே போக வேண்டும், முதுகில் ஒரு துண்டுகூட இருக்கக்கூடாது என்று அந்தப் பெரிய பையையே வாங்கினார். பிடித்தால் பிடித்த பிடிதான்.

இரண்டே நாளில் வினை வந்தது. குழந்தைகள் கிளினிக் தொட்டிக்குப் புது மீன் பன்னிரண்டு கொண்டுபோக வேண்டும். தண்ணீரும் காற்றும் நிரப்பிக் கட்டிய பாலிதீன் பைகளை அந்தப் புதுப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். நடுப்பகல் வெயில். பாலத்தில் அரை மணி நேர நெரிசல். கீழே இன்ஜின், அதற்கு மேல் டேங்க், அதற்கு மேல் மீன். கிளினிக்கில் திறந்து பார்த்தபோது தண்ணீர் வெதுவெதுவென்று இருந்ததாம். ஏழு மீன் மிதந்தது. காத்திருந்த குழந்தைகளின் முன்னால் அதை எடுக்க மனசு வராமல், மருந்து விற்க வந்தவர் மாதிரி பையை மூடிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

சாயங்காலம் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது மனிதர் மாடிப்படியில், மடியில் அந்தப் பாலிதீன் பைகளோடு உட்கார்ந்திருந்தார். நான் துணி எடுக்கிற சாக்கில் அங்கேயே நின்றேன். ஒட்டுக்கேட்பது தப்புதான், இல்லையென்று சொல்லவில்லை.

அவள் நேரே போய், வாசலில் நின்ற வண்டியின் டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அதன் மேலிருந்த புதுப் பையின் அடியில் வைத்துப் பார்த்தாள்.

"அடியில என்ன போட்டீங்க?"

"துண்டு."

"மடிச்சா, ஒத்தையாவா?"

"ஒத்தையா."

"அடுப்பு மேல யாராவது உயிரை வெப்பாங்களா? நாங்க மருந்துப் பெட்டியைத் தரையிலகூட நேரா வைக்க மாட்டோம்." குனிந்து ஒரு மீனைப் பார்த்தாள். "இது இன்னும் வாயைத் திறக்குது. மேல போய் வாளியில விடுங்க, சீக்கிரம். பழைய தண்ணியோடவே விடுங்க."

நாலு மாசத்தில் அவள் அவரிடம் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு அதுதான். எனக்கே சந்தோஷமாக இருந்தது. ஆனால் இரண்டு படி ஏறியவள் திரும்பினாள்.

"முதுகுலயே மாட்டிட்டுப் போயிருக்கலாமே. மீனாவது பொழைச்சிருக்கும்."

அப்போதாவது மனிதர் சொல்லியிருக்க வேண்டாமா? வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்ன? மீனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்குக் காய்ந்த துணியை எல்லாம் கசக்கித்தான் மடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுப் பின்பக்கக் காலி இடத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். பெரிய பையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பார்த்துத் தருகிறேன் என்று மூன்று பைகளை வாங்கி வந்திருக்கிறார். சின்னது ஒன்று, நடுத்தரம் ஒன்று, வார் போட்டுக் கட்டுவது ஒன்று. மூன்றையும் சுவரோரம் வரிசையாக வைத்திருந்தார். வண்டியின் பின் சீட்டில் மீன்தொட்டியில் போடுகிற கூழாங்கல் மூட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கயிற்றால் கட்டியிருந்தார். கல் உருளாமலிருக்க அதன் மேல் ஒரு மழைக்கோட்டை மாட்டி, பட்டன் போட்டிருந்தார். ஊதா நிறம், இடது கையில் கிழிசல். மழைக்கோட்டு அவளுடையது. அன்றைக்கு விழுந்தபோது போட்டிருந்தது.

ஒரு பையை டேங்கில் வைப்பார். உட்காருவார். முதுகை அந்த மூட்டையில் சாய்த்துப் பார்ப்பார். ஒரு வட்டம் ஓட்டுவார். இறங்கி, சீட்டில் சாக்கட்டியால் கோடு போடுவார். அடுத்த பையை வைப்பார்.

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கையில் ஈரத் துணியோடு எட்டிப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாளோ தெரியாது. கீழே இறங்கி வந்தபோது துணியைப் பிழிய மறந்து, நடந்த வழியெல்லாம் சொட்டியிருந்தது.

"அது யாரு?"

அவர் வண்டியை அணைத்தார். "எது?"

"என் கோட்டைப் போட்டுக்கிட்டு உங்க பின்னால உட்கார்ந்திருக்கே, அது."

"கல்லு."

"தெரியுது. யாருக்குப் பதிலா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "உனக்கு."

"எத்தனை கிலோ?"

"நாப்பது."

"நாப்பதா? கல்யாணத்தப்பவே நான் நாப்பத்தொம்பது." என் பக்கம் திரும்பினாள். "பார்த்தீங்களா அக்கா, எடைகூடத் தெரியல."

"இருந்த மூட்டை அவ்வளவுதான்," என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"எதுக்கு இதெல்லாம்? நான்தான் ஒண்ணாந்தேதி போறேனே."

அதற்கு அவர் வண்டியிலிருந்து இறங்காமலேயே, ஹேண்டிலைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார். அந்த மனிதர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"பத்து வருஷமா என் முதுகுல பைதான் சாஞ்சிருந்துச்சு. நீ அதுக்குப் பின்னால இருந்தே. நீ முன்னால சாஞ்சாலும் பைதான் இடிக்கும், தூங்கி விழுந்தாலும் பைதான் இடிக்கும். அன்னைக்கு வார்தான் அறுந்துச்சு. பை விழல. அது அப்படியே முதுகுல இருந்துச்சு. அதனால நீயும் இருக்கேன்னு நெனச்சுக்கிட்டேன்." "சிக்னல்ல திரும்பிப் பார்த்தேன் பாரு. அந்தக் காலி சீட்டு தினமும் கண்ணுக்குள்ள வந்து நிக்குது. நீ ஏற வேணாம். ஏறினா தெரியற மாதிரி வெச்சிருக்கணும்னு தோணுச்சு, அவ்வளவுதான்."

நான் உள்ளே போய்விட்டிருக்கலாம். போகவில்லை.

அவள் மெதுவாக வண்டியிடம் வந்தாள். மழைக்கோட்டின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கயிற்றை அவிழ்த்தாள். மூட்டையைத் தூக்கப் போனவளை அவர் தடுத்தார். "வேணாம், தோளு." அவரே இறக்கிவைத்தார்.

"அந்தப் பழைய பையைக் கொண்டாங்க," என்றாள்.

தரையில் கொட்டச் சொன்னாள். ஸ்டோரில் கணக்கெடுக்கிற கண்ணோடு குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"ஆறு வலை எதுக்கு? கடல்லயா பிடிக்கப் போறீங்க?"

"ஒண்ணு ஒண்ணு ஒரு சைஸ்."

"ரெண்டு போதும். இந்த மோட்டார் ஓடுமா?"

"ஓடாது. பழுது பார்க்கணும்."

"எப்பலேருந்து?"

"போன வருஷத்துலேருந்து."

"ஒரு வருஷமா எனக்கும் உங்களுக்கும் நடுவுல ஓடாத மோட்டார் ஒண்ணு உட்கார்ந்து வந்திருக்கு," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இளகியது. நான் கவனித்தேன்.

ஒன்பது கிலோ நாலு கிலோவானது. வார் போட்டுக் கட்டும் பைக்குள் அது தாராளமாக அடங்கியது. அவளே அதை டேங்கில் வைத்து, வாரை இழுத்துக் கட்டி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்தாள். ஹாரன் அடிக்கவில்லை. பெட்ரோல் போட ஒரு கொக்கியைக் கழற்றினால் பை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொடுத்தது. இது போதும் என்றாள். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து உடைந்த மருந்துப் பெட்டி ஒன்றின் தெர்மாகோலைக் கேட்டு வாங்கி வந்து, பையின் அடிக்கு அளவாக வெட்டிப் போட்டாள். மீன் கொண்டுபோகிற நாளில் காலை எட்டு மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று உத்தரவும் போட்டாள். அந்த வாரமே புது மீன்கள் கிளினிக்குக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தன.

ஆனால் வண்டியில் ஏறுவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறே கால் பஸ்ஸிலேயே போனாள். அவர் கேட்கவுமில்லை. சீட்டில் போட்ட சாக்கட்டிக் கோட்டை மட்டும் அழிக்காமல் வைத்திருந்தார். முப்பதாம் தேதி அவள் பெட்டி மாடிப்படியருகே கட்டித் தயாராக நின்றதைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்தவர் வீட்டு விஷயம்தான், ஆனால் பத்து வருஷமாக என் தலைக்கு மேல் நடந்த காலடிச் சத்தம் அது.

ஒன்றாம் தேதி காலை ஆறே காலுக்கு யாரும் படியிறங்கவில்லை. ஏழு இருபத்தைந்துக்கு என் பயிற்சிக் கார் வாசலில் தயாராக நின்றது. அன்றைக்கு ஓட்டப் போகிறவர் ஒரு கணக்கு வாத்தியார், ஐம்பது வயது, ஸ்டீயரிங்கைக் குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடிப்பவர். நான் ஏறும்போது அவள் இறங்கி வந்தாள். கையில் சாப்பாட்டு டப்பா மட்டும். தலையில் ஹெல்மெட்.

"பெட்டி?" என்றேன்.

"மேலதான் இருக்கு. இன்னைக்கு ஒரு நாள் பார்க்கறேன் அக்கா. சரிப்படலைன்னா சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்."

டப்பாவை அவர் வாங்கி முன்னால் பைக்குள் வைத்தார். அவள் ஏறினாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாதவள் மாதிரி ஒரு நிமிஷம் அந்தரத்தில் வைத்திருந்தாள். பிடிக்க வாரும் இல்லை, பையும் இல்லை. கடைசியில் அவர் இடுப்புப் பக்கம் சட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வண்டி புறப்பட்டது.

"அந்த வண்டி பின்னாலயே போங்க. ஒட்டாம போங்க," என்றேன் வாத்தியாரிடம். பாடத்திட்டத்தில் இல்லாததுதான்.

இரவு பெய்த கோடை மழையில் ரோடு லேசாக ஈரமாக இருந்தது. அவர் மெதுவாகத்தான் போனார். ஹெல்மெட் அசைந்துகொண்டே இருந்தது, ஏதோ மீன் கதை போலிருக்கிறது. அவள் முதுகு விறைப்பாகவே இருந்தது. மரக்கடை திருப்பம் வந்தது. நாய் இல்லை, ஒன்றுமில்லை. அந்த இடத்தில் அவள் தன் கையை அவர் இடுப்பிலிருந்து எடுத்தாள். நான் கண்ணால் பார்த்தேன். எடுத்துத் தன் தொடையில் வைத்துக்கொண்டாள்.

வண்டி நின்றுவிட்டது.

நடு ரோட்டில், சிக்னலுக்கு வெகு தூரத்துக்கு முன்னால், அப்படியே நின்றுவிட்டது. வாத்தியார் பதறி ஆக்ஸிலரேட்டரை மிதிக்க, நான் என் காலடி பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தேன். அவர்கள் வண்டிக்கு இரண்டு முழம் பின்னால் கார் நின்றது. கண்ணாடி இறங்கியிருந்ததால் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"என்ன ஆச்சு?" என்று அவர் பாதி உடம்பைத் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"ஒண்ணும் ஆகல."

"கைய எடுத்தியே?"

"எடுத்தேன்."

"ஏன்?"

"தெரியுதான்னு பார்த்தேன்," என்றாள் அவள். பிறகு ஹெல்மெட்டோடு தலையை அவர் முதுகில் சாய்த்துக்கொண்டாள். இரண்டு கையும் அவர் வயிற்றைச் சுற்றிப் போனது. "போங்க. டெம்பரேச்சர் பார்க்க நேரமாச்சு."

அவர் உடனே கிளம்பவில்லை. கண்ணைத் துடைக்க ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்க வேண்டியிருந்தது.

"மேடம், நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்று வாத்தியார் ஸ்டீயரிங்கை விடாமல் கேட்டார்.

"இல்ல சார். முன்னால வண்டி நின்னா நாமளும் நிக்கணும், அவ்வளவுதான்."

எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அடிக்கட்டும் என்று பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.